அத்தியாயம் 7: சர்வீஸ் முடிந்து வந்த படகு எஞ்சினில் கியர் ஆயில் பார்ப்பது

கடையிலிருந்து எஞ்சின் வந்த அன்று இரவே கடலில் இறங்கத் தோன்றும். இரண்டு நாள் தொழில் கெட்டிருக்கும், கூட வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பில்லில் ‘கியர் ஆயில் மாற்றியது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எத்தனை மில்லி ஊற்றினார்கள், எந்த வழியாக ஊற்றினார்கள் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கால் மணி நேரமும் போதும்.

காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. மரவேலை, பெயின்ட், எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் சாவகாசமாக நடக்கும். நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், ஊரூர் குப்பம் பக்கத்து ஃபைபர் போட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அந்த ஓய்வும் இல்லை. சாயங்காலம் எஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விடியலுக்கு முன் வேண்டும் என்று நிற்போம். ஆயில் குறைவது பெரும்பாலும் இப்படி அவசரத்தில் முடிந்த வேலையில்தான்.

இந்த அத்தியாயம் முக்கியமாகப் படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களுக்கானது. உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினும் தனி கியர் பாக்ஸும் வைத்திருப்பவர்களுக்குக் கடைசி இரண்டு பகுதிகளுக்கு முன்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அடையாற்றில் 1867-லிருந்து துடுப்பு போட்டுக்கொண்டிருக்கும் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். அவர்கள் படகில் கியரே கிடையாது.

தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

புரொப்பெல்லருக்கு முன்னால் டார்பிடோ மாதிரி உருண்டையாக இருக்கிறதே, அதுதான் கியர் கேஸ். மேலிருந்து நேராக இறங்கும் சுழற்சியைப் படுக்கைவசமாகத் திருப்பும் பற்சக்கரங்கள், முன்னோட்டம்-பின்னோட்டம் மாற்றும் கிளட்ச், பேரிங்குகள் எல்லாம் அதற்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. பெட்ரோலைப் போலவோ டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் போலவோ இந்த ஆயில் எரிந்து தீராது. அது மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. குறைந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சரியாக நிரப்பவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

பெட்டியில் இரண்டு ஓட்டைகள், இரண்டு ஸ்க்ரூக்கள். கீழே இருப்பது வடிக்கவும் நிரப்பவும். மேலே இருப்பது காற்று வெளியேறவும் அளவு பார்க்கவும். கீழ் வழியாக ஆயிலை ஏற்றினால் உள்ளே இருக்கும் காற்றை அது மேலே தள்ளிக்கொண்டே வரும். மேல் ஓட்டை வழியாக ஊற்றினால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும். கெட்டியான ஆயில் ஓட்டை வாயில் தேங்கி நிரம்பியது போலக் காட்டும், பெட்டியில் பாதி காற்றுதான் இருக்கும். ‘சர்வீஸ் பண்ணியும் ஆயில் குறைவு’ என்ற புகாரில் நான் அதிகம் பார்த்த காரணம் இது. நானே ஒரு தடவை செய்திருக்கிறேன், அதனால் அடுத்தவரைத் திட்ட எனக்கு அவ்வளவாக வாய் வராது.

அளவு குறைந்தால் கீழே இருக்கும் பற்சக்கரங்கள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அவை மிச்ச ஆயிலில் நனைந்தபடியே சுற்றுகின்றன. மேலே, நின்ற தண்டைப் பிடித்திருக்கும் பேரிங்தான் முதலில் காயும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்க்ரூவின் வெட்டில் இறுக்கமாக உட்காரும் அகலமான ஸ்க்ரூ டிரைவர். ஒல்லியானதை வைத்துத் திருகினால் வெட்டு மழுங்கிவிடும், பிறகு அந்த ஸ்க்ரூவை எடுப்பது ஒரு நாள் வேலை. இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் புது வாஷர். மில்லி கோடு போட்ட அளவு ஜாடி. உள்ளே தெரியும் காலி தண்ணீர் பாட்டில் இரண்டு, நன்றாகக் காய்ந்தவை. அகலத் தட்டு, நூல் உதிராத துணி, ரப்பர் கையுறை, சின்ன காந்தம், டார்ச். ஆயில் ஏற்றும் கை பம்ப். ஆயில் டியூபிலேயே மூக்கு இருந்தால் அதுவே போதும்.

எந்த ஆயில் என்பதை எஞ்சினோடு வந்த புத்தகம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான அவுட்போர்டுகளுக்கு எஸ்.ஏ.ஈ. 90 ரக ஹைபாய்ட் கியர் ஆயில். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் லாரிக்கும் காருக்குமான 90 ஆயில் தாராளமாகக் கிடைக்கும். அவசரத்துக்கு அதை ஊற்றி ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் படகுக்கென்று தயாரிக்கும் கியர் ஆயிலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் தாங்குவதற்கான சேர்மானம் இருக்கும். உப்புத் தண்ணீரில் முழுகிக் கிடக்கும் பெட்டிக்கு அந்த வித்தியாசம் முக்கியம். எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றவே கூடாது.

குறிப்பு: கியர் கேஸின் கொள்ளளவைப் புத்தகத்தில் பார்த்து எஞ்சின் மூடியின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் கீழே சொல்லும் பாதிச் சோதனைகளை முடிக்க முடியாது.

தொடுவதற்கு முன்

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் இழுத்து நிறுத்தும் சுருள் கயிற்றின் கிளிப்பையும் கழற்றிப் பையில் போடுங்கள். பெட்ரோல் குழாயைப் பிரித்து, ஸ்பார்க் பிளக் தொப்பிகளைக் கழற்றிவிடுங்கள். நியூட்ரலில்தானே இருக்கிறது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கையால் புரொப்பெல்லரைச் சுற்றும்போது எஞ்சின் ஒரு சுற்று பிடித்தாலும் விரல் போய்விடும்.

ஓடி வந்த எஞ்சினை உடனே திறக்காதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் ஆயில் முகத்தில் பீய்ச்சும். ஆறிய பிறகு, முகத்தைப் பக்கவாட்டில் வைத்துத் திறக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி வேலை செய்தால் அதன் தாங்கு கொக்கியை மட்டும் நம்பாமல் கட்டையும் முட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் படகைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தால் முதலில் அவர்களை அனுப்பிவிடுங்கள்.

கடலில் இறக்குவதற்கு முன் பார்க்கும் முறை

1. எஞ்சினை நேர்ச்செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரவு முழுக்க நின்றிருந்தால் இன்னும் நல்லது. கடற்கரைச் சரிவில் படகு சாய்ந்து நின்றால் அளவு தப்பாகக் காட்டும். படகைச் சமப்படுத்துங்கள், அல்லது எஞ்சினைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

2. கியர் கேஸ் முழுவதையும் துடையுங்கள். துடைத்த துணியைப் பாருங்கள். ஸ்க்ரூக்களைச் சுற்றி, புரொப்பெல்லருக்குப் பின்னால், பெட்டியின் அடியில் எங்காவது ஆயில் பிசுக்கு இருந்ததா? இருந்தால் அந்த இடத்தைத் துடைப்பதற்கு முன் படம் எடுத்திருக்க வேண்டும். அதனால் இந்தப் படியை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. தட்டை அடியில் வைத்து மேல் ஸ்க்ரூவை மட்டும் திறவுங்கள். சில மாடல்களில் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே நட்சத்திர வெட்டுள்ள இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். அது கியர் மாற்றும் இணைப்பைப் பிடித்திருப்பது. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பாகம் கழன்று விழும், பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டியதாகிவிடும்.

4. ஆயில் ஓட்டையின் உதடு வரை இருக்க வேண்டும். திறந்ததும் லேசாகக் கசிந்தால் சரி. தெரியவில்லை என்றால் சுத்தமான பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை நுழைத்து, எவ்வளவு ஆழத்தில் நனைகிறது என்று பாருங்கள். துணியோ நூலோ விட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே அறுந்து தங்கிவிடும்.

5. அளவு சரியாக இருந்தால் மேல் ஸ்க்ரூவை மூடிவிட்டு, கீழ் ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்துங்கள். சில சொட்டுகள் வரும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, நின்ற எஞ்சினில் அடியில்தான் தேங்கியிருக்கும். முதல் சொட்டு தண்ணீராக வந்தால் சீலில் கோளாறு. ஆயிலாகவே வந்தால் உடனே இறுக்குங்கள்.

6. திறந்த ஸ்க்ரூக்களுக்குப் புது வாஷர் போட்டு மூடுங்கள். பழைய வாஷர் ஓட்டை வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டுவிடுவார்கள். இரண்டு வாஷர் போட்ட ஸ்க்ரூ இறுகியது போலிருக்கும், ஆனால் ஒழுகும்.

எஞ்சின் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நீங்களாகப் பிரித்தால் பிறகு அவர்கள் உங்களைக் கை காட்டுவார்கள்.

குறைந்திருக்கிறது. உடனே ஊற்றாதீர்கள்

பட்டினப்பாக்கத்தில் நண்பர் ஒருவரின் போட்டில் சர்வீஸ் முடிந்து மூன்று பயணம் ஆன பிறகு கியர் கேஸிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மேல் ஸ்க்ரூவைத் திறந்தோம். கேபிள் டை காய்ந்தே வந்தது. எங்கள் கை அடுத்த நொடியே ஆயில் டப்பாவுக்குப் போனது. நிரப்பி, சந்தோஷமாகக் கடலுக்கும் அனுப்பிவிட்டோம். சத்தம் போகவில்லை. சர்வீஸ் செய்தவரிடம் போனால், “நான் முழுசாத்தான் ஊத்தினேன், அப்புறம் ஒழுகியிருக்கும்” என்றார். நிரப்பாமல் விட்டாரா, சீல் போனதா என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. காட்டிக்கொடுக்கக் கூடிய ஒரே சாட்சி அந்தப் பெட்டிக்குள் இருந்த பழைய ஆயில். அதன் தலையில் நாங்களே புது ஆயிலை ஊற்றிவிட்டோம்.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எஞ்சினை ஓட்டாதீர்கள், எதையும் நிரப்பாதீர்கள்.

2. செல்போனில் ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். எஞ்சின் எண், மேல் ஸ்க்ரூ இருக்கும் நிலை, திறப்பது, கேபிள் டை நனைவது எல்லாம் அதில் வரட்டும். சர்வீஸுக்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும்.

3. சர்வீஸ் செய்தவருக்குப் போன் போடுங்கள். எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம். நாளைக்கும் அவர்தான் உங்கள் எஞ்சினைத் தொடப் போகிறார். இப்படிப் பேசினால் போதும்:

“அண்ணே, மேல் ஸ்க்ரூவைத் திறந்தேன், ஆயிலே தெரியல.”

“நான்தான் ரொப்பினேனே தம்பி. ஒழுகியிருக்கும்.”

“கீழே ஈரமே இல்லண்ணே. நான் எதையும் தொடல, அப்படியே வெச்சிருக்கேன். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

பெரும்பாலும் வந்துவிடுவார்கள். வர மறுத்தால் இதையே தேதியோடு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

4. அவர் முன்னிலையிலோ, வராவிட்டால் வீடியோவிலோ முழு ஆயிலையும் வடியுங்கள். அளவு ஜாடியை அடியில் வைத்து முதலில் கீழ் ஸ்க்ரூ, பிறகு மேல் ஸ்க்ரூ. எத்தனை மில்லி என்று குறியுங்கள். புத்தகம் 500 என்று சொல்லி, வந்தது 300 என்றால், மிச்சம் 200 எங்கே என்பதுதான் இனி நம் கேள்வி. பெட்டியின் சுவரில் கொஞ்சம் ஒட்டியே இருக்கும், பத்து இருபது மில்லிக்குச் சண்டை போடாதீர்கள்.

5. வடித்த ஆயிலில் ஒரு பங்கைக் காய்ந்த பாட்டிலில் ஊற்றி மூடி, தேதி எழுதி நிழலில் வையுங்கள். இன்னொரு பாட்டில் பரிசோதிக்க.

வடித்த ஆயிலைப் பார்ப்பது

பரிசோதனை பாட்டிலை ஒரு ராத்திரி அசைக்காமல் வைத்துவிட்டுக் காலையில் வெயிலில் தூக்கிப் பாருங்கள்.

பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் கரையில் இதற்கு முதல் காரணம் நைலான் நரம்பு. முகத்துவாரத்தில் மிதக்கும் வலைத் துண்டும் தூண்டில் நரம்பும் புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் கம்பி போல இறுகிக் கிடக்கும். இதற்கு மெக்கானிக் மேல் பழி போட முடியாது. ஆனால் சர்வீஸில் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேட்கலாம்.

ஆயில் தெளிவாக, புதியது போலவே இருக்கிறது, வெளியே எங்கும் பிசுக்கு இல்லை, அளவு மட்டும் குறைவு. இது நிரப்பாமல் விட்ட கேஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயில் வெளியே போகும் வழியில்தான் தண்ணீர் உள்ளே வரும். கடலில் பல மணி நேரம் ஓடியும் ஒரு துளி தண்ணீர் இல்லை என்றால் ஒழுகல் என்ற வாதம் பலவீனமாகிவிடுகிறது.

கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் சூடேறியிருக்கிறது.

அடுத்து காந்தத்தை விட்டுக் கலக்குங்கள். பல எஞ்சின்களில் கீழ் ஸ்க்ரூவிலேயே காந்தம் உண்டு, அதையும் பாருங்கள். மாவு மாதிரி சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம், பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது வருவது. விரலில் உறுத்தும் சில்லு, ஊசி போன்ற துண்டு, பல் உடைந்த முனை கிடைத்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ‘ஆயில் மாத்தினா சரியாகிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சேதம் ஆகியிருக்கிறதா என்று கையால் பார்ப்பது

பிளக் தொப்பிகள் கழன்றே இருக்கட்டும். நியூட்ரலில் வைத்துப் புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுங்கள். வழவழவென்று போக வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் தட்டுகிறதா, மணல் அரைப்பது போல இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். தண்டில் தெளிவான ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கலாம். கியர் கேஸின் பெயின்ட் ஒரு இடத்தில் மட்டும் கொப்புளித்தோ நிறம் மாறியோ இருந்தால், உள்ளே அந்த இடம் நன்றாகச் சுட்டிருக்கிறது.

கொஞ்சம்தான் குறைவு, ஆயில் தெளிவு, காந்தத்தில் சில்லு இல்லை, சுற்றினால் வழவழப்பு என்றால் பெரும்பாலும் தப்பித்துவிட்டீர்கள். பாதிக்கு மேல் குறைந்து, அந்த நிலையில் முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓடியிருந்தால், வெளியே எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் நான் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். பேரிங் முதலில் நீலம் பாயும், பிறகுதான் சத்தம் போடும். சத்தம் வரும் வரை காத்திருந்தால் பேரிங்கோடு பற்சக்கரமும் சேர்ந்து போகும், செலவு எங்கேயோ போய்விடும்.

காற்றழுத்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விடுங்கள். காலிப் பெட்டிக்குள் குறிப்பிட்ட அழுத்தத்தில் காற்றை ஏற்றி, அது நிற்கிறதா என்று பார்ப்பது. சைக்கிள் பம்பாலோ பங்சர் கடைக் காற்றாலோ முயற்சி செய்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

சரியாக நிரப்பும் முறை

1. இரண்டு ஸ்க்ரூக்களையும் திறந்து முழுக்க வடிய விடுங்கள். குளிர்ந்த நாளில் கெட்டியான ஆயில் நிதானமாகத்தான் வரும், அவசரப்படாதீர்கள்.

2. பம்பின் மூக்கைக் கீழ் ஓட்டையில் இறுக்கமாகப் பொருத்துங்கள்.

3. மெதுவாக ஏற்றுங்கள். மேல் ஓட்டையில் முதலில் குமிழி வரும், பிறகு குமிழியோடு ஆயில், கடைசியில் குமிழி இல்லாத ஆயில் வரும். அதுவரை விடாதீர்கள்.

4. பம்பை எடுக்காமலே மேல் ஸ்க்ரூவை மூடுங்கள். மேல் மூடியிருந்தால் கீழ் வழியாக ஆயில் கொட்டாமல் கொஞ்ச நேரம் நிற்கும். தண்ணீர் நிரம்பிய உறிஞ்சு குழலின் மேல் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் விழாமல் நிற்கிறதே, அதே கணக்கு.

5. பம்பை எடுத்து, புது வாஷரோடு கீழ் ஸ்க்ரூவைச் சட்டென்று மூடுங்கள். ஸ்க்ரூவைக் கையில் தயாராக வைத்திருங்கள், மணலில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

6. அரை மணி நேரம் கழித்து மேல் ஸ்க்ரூவைத் திறந்து அளவை மறுபடி பாருங்கள். சிக்கியிருந்த காற்று மேலே வந்திருக்கும், அளவு இறங்கியிருந்தால் மறுபடியும் கீழ் வழியாகவே ஏற்றுங்கள்.

7. உள்ளே போன அளவை எழுதுங்கள். புத்தகத்து எண்ணைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும்போதே ‘நிரம்பிவிட்டது’ என்று தோன்றினால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம்.

முதல் ஓட்டம் கரையை ஒட்டியே இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு படகு இருந்தால் உத்தமம். அரை மணி ஓட்டிவிட்டு வந்து, ஆறியதும் அளவைப் பாருங்கள். பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஆயிலை மறுபடி வடித்துப் பார்ப்பது செலவுதான். ஒரு தடவை குறைந்து ஓடிய பெட்டிக்கு நான் அந்தச் செலவைச் செய்வேன். அதன் பிறகு புத்தகம் சொல்லும் இடைவெளி போதும், பல எஞ்சின்களில் அது 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம்.

நடுக்கடலில் தெரிந்தால்

கீச்சென்ற சத்தம், கியர் போட்டதும் ‘டக்’கென்று அடிப்பது, கியர் விழாமல் நழுவுவது. இவற்றில் எது வந்தாலும் வேகத்தை உடனே குறையுங்கள். திரும்பத் திரும்பக் கியரை மாற்றிப் பார்க்காதீர்கள், மிச்சமிருக்கும் பல்லும் போய்விடும்.

எஞ்சின் மட்டும் சுற்றிச் சத்தம் ஏறுகிறது, படகு போகவில்லை என்றால் கியர் கேஸைச் சந்தேகிக்கும் முன் புரொப்பெல்லரைப் பாருங்கள். அதன் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அது நழுவினாலும் அச்சு அசலாக இதே அறிகுறிதான். எஞ்சினை நிறுத்தி, மேலே சாய்த்து, தண்டுக்கும் புரொப்பெல்லருக்கும் சேர்த்து ஒரு நேர்க்கோடு கிழியுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்து மறுபடி நிறுத்திச் சாய்க்கும்போது கோடு விலகியிருந்தால் நழுவியது புஷ்தான். கொஞ்ச வேகத்தில் அதை வைத்தே கரைக்கு வந்துவிடலாம்.

எஞ்சின் கைவிட்டால் நங்கூரம் போடுங்கள். தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் தெண்டி நீரோட்டம் இருக்கும் நாளில் நங்கூரம் இல்லாத படகு துறைமுகத்துக் கப்பல் வழியை நோக்கிப் போகும். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் போனில் மட்டுமல்லாமல் படகின் உள்பக்கத்திலும் எழுதி வையுங்கள், ஏனென்றால் போன் நனையும். வி.எச்.எஃப். இருந்தால் 16-ஆம் சேனல்.

உள்ளே பொருத்திய எஞ்சினும் கியர் பாக்ஸும்

இதில் ஆயில் குச்சி இருக்கும், ஆகவே பார்ப்பது சுலபம். ஏமாறுவதும் அதே அளவுக்குச் சுலபம். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் கியர் பாக்ஸில் கூலர், குழாய்கள், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று. சர்வீஸில் ஆயிலை வடித்த பிறகு இவையும் காலியாக இருக்கும். எஞ்சின் நிற்கும்போது குச்சியின் மேல் கோடு வரை ஊற்றிவிட்டு ‘முடிந்தது’ என்று போய்விட்டால், முதல் முறை ஓட்டியதும் கூலரும் குழாயும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். குச்சியில் அளவு சடாரென்று கீழே போய்விடும். ஆள் யோக்கியர், ஆயிலும் ஊற்றினார், இருந்தும் குறைவு என்றால் நடந்தது இதுதான்.

சர்வீஸ் முடிந்ததும் நியூட்ரலில் இரண்டு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். நிறுத்தி, புத்தகம் சொன்ன முறையில் குச்சியைப் பாருங்கள். சில கியர் பாக்ஸில் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் குளிர்ந்த பிறகு. குச்சியைத் திருகி உட்கார வைத்துப் பார்ப்பதா, மேலே வைத்து மட்டும் பார்ப்பதா என்பதும் மாறும். ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அதையே செய்யுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் நுரைத்துச் சூடேறும், அதுவும் கேடுதான். கியர் போட்ட பிறகு படகு நகர நேரம் எடுத்தால், அல்லது தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள்.

எஞ்சினைக் கொடுக்கும்போதே கேட்க வேண்டியவை

பில்லில் ஆயிலின் பெயர், மில்லி, புது வாஷர் போட்டது, எஞ்சின் ஓடிய மணி நேரம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். “எல்லாம் பாத்துட்டோம்ணே” என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வாஷரையும் சீலையும் ஒரு கவரில் போட்டுத் தரச் சொன்னால், மாற்றினார்களா என்பது தானாகத் தெரிந்துவிடும். புதுப்பேட்டையிலிருந்து வாங்கிய பழைய பாகம் எதையாவது மாட்டினால் அதையும் பில்லில் எழுதட்டும். பழைய பாகம் மாட்டுவது குற்றமில்லை, புதியது என்று விலை போடாமல் இருந்தால் சரி.

சேதத்தின் செலவை ஏற்க மறுத்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ‘இது தொழில் படகு, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கில் சேர்க்கக்கூடாது என்று சட்டத்திலேயே விளக்கம் உண்டு. ஆனால் அந்த விளக்கம் பொருளைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் வழக்கு சர்வீஸைப் பற்றியது. அதனால் புகாரை எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அவர் முதலில் கேட்கப் போவது வீடியோவும், தேதி எழுதிய அந்த பாட்டிலும்தான்.

பழைய ஆயில்

மணலில் கொட்டாதீர்கள். ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிட ஏறி வரும் மணல் அது. மூடியுள்ள டப்பாவில் பிடித்து, ஆயில் வாங்கும் கடையிலோ வண்டி சர்வீஸ் ஷெட்டிலோ கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். டப்பாவின் நாலு பக்கமும் ‘பழையது’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும், விடியற்காலை இருட்டில் மாற்றி ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.